பெண் பிள்ளையிடம் மட்டும் கேட்கும் அந்தக் கேள்வி: தொழில் வழிகாட்டல் பற்றி ஒரு கவலை

அலைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் கொழும்பில் ஓஎல் (சாதாரண தரம்), ஏஎல் (உயர் தரம்) பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குத் தொழில் வழிகாட்டல் செய்கிறேன். ஒன்பது வருடமாகிறது. வெள்ளவத்தையில் ஒரு சின்ன அறை. ஒரு மேசை, மூன்று கதிரை, சுவரில் ஏஎல் பிரிவுகளும் ஒவ்வொன்றிலும் இருந்து எங்கெங்கே போகலாம் என்பதும் வரைந்த பெரிய தாள். ஒரு பிள்ளை வந்து போனதும் கொப்பியில் ஒரு பக்கம் எழுதி வைப்பேன். போன கிழமை ஏதோ ஒரு பழைய விவரம் தேடப்போய், அந்தக் கொப்பிகளை முதலில் இருந்து வாசிக்கத் தொடங்கினேன். இரவு பதினொரு மணி வரை எழும்பவில்லை.

பெண் பிள்ளைகளின் பக்கங்களில் திரும்பத் திரும்ப மூன்று வரி வருகிறது. “கல்யாணத்துக்குப் பிறகும் செய்யலாமா?” “போய்வரத் தூரமா?” “இரவு வேலை வருமா?” ஆண் பிள்ளைகளின் பக்கங்களில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அங்கே இருப்பது “சம்பளம் எவ்வளவு?”, “வெளிநாடு போகலாமா?”, “இரண்டு தங்கச்சிமார், கெதியில் உழைக்க வேண்டும்.” எல்லாம் என் கையெழுத்து. இப்படிக் கேள் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஒரு பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஓஎல் எழுதிவிட்டு, முடிவு வருவதற்கு முன் தகப்பனோடு வந்த பிள்ளை. “பொழுதுபோக்கு என்ன?” என்று கேட்டேன். வீட்டுத் தண்ணீர் மோட்டரைப் பற்றிச் சொன்னாள். சுவிச்சைப் போட்டால் உறுமுகிறது, சுற்றவில்லை. மோட்டர் திருத்தும் பாஸ் வர இரண்டு நாளாகும் என்றிருக்கிறார். இவள் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பின்பக்க விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்திருக்கிறாள். இறுக்கம் இல்லை. அப்படியென்றால் மோட்டரைச் சுற்றத் தொடங்க வைக்கும் கப்பாசிற்றர்தான் போயிருக்கிறது என்று முடிவுகட்டி, பழையதில் இருந்த எண்ணை எழுதிக்கொண்டு, தகப்பனையும் இழுத்துக்கொண்டு புறக்கோட்டைக்குப் பஸ் ஏறி, அதே அளவில் ஒன்று வாங்கிப் பூட்டியிருக்கிறாள். இதைச் சொல்லும்போது கதிரையின் நுனிக்கே வந்துவிட்டாள். எந்த வயர் எங்கே போகிறது என்று மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள்.

என் கொப்பியில் இதற்கு இருப்பது ஒரே வரி: “கைவேலையில் ஆர்வம் உண்டு.” அதற்குக் கீழே என் பரிந்துரை: “வர்த்தகப் பிரிவு. வங்கி அல்லது ஆசிரியர்.” தகப்பன் தலையாட்டினார். பிள்ளையும் தலையாட்டினாள். முடிவு வந்த பிறகு மறுபடி வந்தபோது அவள் சொன்னதையும் எழுதி வைத்திருக்கிறேன்: “மிஸ், நான் ஒஃபிஸ் வேலைக்குத்தான் சரியான ஆள்.” அன்றைக்கு, பிள்ளை தெளிவாகிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டிருப்பேன். இப்போது வாசிக்கும்போது தெரிகிறது, அது என் வசனம். நான் கொடுத்தேன், அவள் வாங்கித் தன்னுடையதாக்கிக்கொண்டாள்.

நாங்கள் பிள்ளைகளுக்கு வேலையைக் காட்டுகிறோமா, அல்லது “நீ இப்படிப்பட்ட ஆள்” என்பதையே செய்து கொடுக்கிறோமா? பெண் பிள்ளைக்கு ஒரு மாதிரியும் ஆண் பிள்ளைக்கு இன்னொரு மாதிரியும்? இதைப் பற்றி உங்கள் அனுபவத்தைக் கேட்க விரும்புகிறேன். பெற்றோரும் எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனை அம்மா

மிஸ், நீங்கள் உங்களையே இவ்வளவு குற்றம் சொல்லத் தேவையில்லை. அந்த மூன்று கேள்வியையும் என் மகளிடம் கேட்காமல் விட்டிருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

நான் கோட்டைப் பக்கம் ஒரு கொம்பனியில் கணக்குப் பிரிவில் ஏழு வருடம் வேலை செய்தவள். மாதக் கடைசியில் கணக்கு முடிக்க இரவு எட்டரை, ஒன்பது ஆகும். முதல் பிள்ளையைப் பார்க்க அம்மா இருந்தா. இரண்டாவது பிறந்த வருடம் அம்மா படுக்கையில் விழுந்துவிட்டா. அப்போது எனக்கும் கணவருக்கும் கிட்டத்தட்ட ஒரே சம்பளம். யார் வேலையை விடுவது என்று வீட்டில் ஒரு நாளும் பேசவில்லை. பேசத் தேவை இருக்கவில்லை, எல்லோருக்கும் விடை தெரியும்.

என்னிடம் படிக்கும் காலத்தில் யாராவது “இந்த வேலை வீட்டோடு ஒத்துவருமா” என்று கேட்டிருந்தால் நான் அந்த வேலைக்குப் போயிருக்க மாட்டேன், பிறகு விட்டுவிட்டு வந்து அழுதிருக்கவும் மாட்டேன். அதனால்தான் என் மகளுக்கு ரீச்சர் வேலை என்று சொல்கிறேன். ஒன்றரைக்கு மணி அடிக்கும், ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் லீவு இருக்கும். பிள்ளைக்கு ஆசை காட்டிவிட்டு வழியில் கைவிடுவதை விட, முதலே உண்மையைச் சொல்வது நல்லது.

அலைக்கரை

அக்கா, நீங்கள் எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். “பேசத் தேவை இருக்கவில்லை” என்ற இடத்தில்தான் நிற்கிறேன். பதில் எழுத எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டும்.

நேர்கோடு

இதற்கு ஏன் இவ்வளவு குழப்பம்? ஆலோசகரின் மனதில் என்ன இருக்கிறது என்பது பிரச்சினை என்றால், ஆலோசகரை விலக்கிவிட்டுச் சோதனையை வையுங்கள். எந்த வேலை பிடிக்கும் என்று அளக்கும் விருப்பச் சோதனைகள் எத்தனையோ இருக்கின்றன. பிள்ளை விடை எழுதட்டும், கொம்பியூட்டர் புள்ளி போடட்டும். அதற்கு ஆண் பெண் தெரியாது.

பொரளை வாசகி

நேர்கோடு அண்ணா, கல்வி உளவியல் படித்தவள் என்ற முறையில் இதற்குக் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும்.

தொழில் வழிகாட்டல் என்ற துறையே 1908இல் பொஸ்டனில் ஃப்ராங்க் பார்சன்ஸ் தொடங்கிய ஒரு பணியகத்தில் இருந்து வளர்ந்தது. அடுத்த வருடம் வந்த அவருடைய புத்தகத்தின் எண்ணம் எளியது: ஆளை அறி, வேலையை அறி, இரண்டையும் பொருத்து. இதில் ஆள் என்பவர் ஏற்கெனவே முடிந்த ஒரு பொருள். கால் அளவு பார்த்துச் சப்பாத்து எடுப்பது போல. சோதனைகள் எல்லாம் இந்த எண்ணத்தில் இருந்து வந்தவைதான். எட்வர்ட் ஸ்ட்ரோங் தன்னுடைய விருப்பச் சோதனையை 1927இல் வெளியிட்டார். அது ஆண்களுக்கானது. பெண்களுக்கென்று 1933இல் தனிப் படிவம் வந்தது. ஆண்களுக்கு நீலம், பெண்களுக்கு இளஞ்சிவப்பு. பெண்கள் படிவத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் தொழில்களில் “இல்லத்தரசி”யும் ஒன்று. இரண்டு படிவமும் ஒன்றானது 1974இல்தான். ஆக நீங்கள் சொல்லும் சோதனைக்கு ஆண் பெண் நன்றாகவே தெரிந்திருந்தது, தாளின் நிறமே வேறாக இருந்தது.

சரி, இப்போது ஒரே படிவம்தானே என்பீர்கள். ஒரே கேள்வியை வைத்துப் பாருங்கள்: “இயந்திரம் திருத்த உங்களுக்கு விருப்பமா?” சின்ன வயதில் இருந்து அண்ணனின் கையில் குறடும் தன் கையில் கரண்டியும் கொடுக்கப்பட்ட பிள்ளை அங்கே “இல்லை” என்றுதான் புள்ளடி போடும். விருப்பங்களை ஆறு வகையாகப் பிரிக்கும் ஜோன் ஹொலண்டின் சோதனையில் கருவி, இயந்திரம் சார்ந்த வகையில் ஆண்களுக்கும், மனிதரோடு பழகும் வகையில் பெண்களுக்கும் கூடுதலாகப் புள்ளி வருவது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். சோதனை பொய் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு இதுவரை என்ன கிடைத்தது என்பதை எடுத்துச் சொல்கிறது. அதை “நீ யார்” என்று நாங்கள் வாசித்துவிடுகிறோம்.

லிண்டா கொட்ஃப்ரெட்சன் 1981இல் எழுதிய கட்டுரை இந்த இழைக்கு நேராகப் பொருந்தும். பிள்ளைகள் தொழிலைத் தெரிவு செய்வதற்கு முன் கழித்துக்கொண்டே வருகிறார்கள் என்கிறார். ஆறில் இருந்து எட்டு வயதுக்குள் “இது ஆம்பிளைகள் செய்வது, இது பொம்பிளைகள் செய்வது” என்று ஒரு கழிவு. ஒன்பதில் இருந்து பதின்மூன்றுக்குள் “இது எங்கள் குடும்பத்துக்கு மரியாதை இல்லை” என்று அடுத்த கழிவு. தன் விருப்பம் என்ன என்று பார்ப்பது பதினான்குக்குப் பிறகு. அப்போது மிச்சம் இருப்பதில்தான் பார்க்கலாம். விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால் முதலில் போவது விருப்பம், பிறகு மதிப்பு, கடைசியாகத்தான் ஆண் வேலை பெண் வேலை என்ற எல்லை என்றும் எழுதினார். அந்த வரிசை எப்போதும் அப்படியே அமைவதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் மிஸ்ஸின் கொப்பியில் அப்படியே நடந்திருக்கிறது, முதலில் போனது மோட்டர்.

அதே 1981இல் பெட்ஸ், ஹாக்கெட் என்ற இருவர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒன்றைக் கண்டார்கள். சோதனைத் திறமையில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருந்தாலும், ஆண்கள் அதிகம் செய்யும் தொழில்களில் “என்னால் முடியும்” என்ற நம்பிக்கை பெண்களிடம் குறைவாக இருந்தது. திறமை இருந்தும் “அது நான் இல்லை” என்று நினைக்க வைப்பது எது? அந்த நினைப்பு உருவாகும் இடங்களில் ஆலோசனை அறையும் ஒன்று என்பதுதான் மிஸ் சொல்லவருவது என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

மஞ்சள் ஹெல்மெட்

நான் கியூஎஸ், கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடுபவள். பன்னிரண்டு வருடம். ஏஎல் முடிந்ததும் ஓர் ஆலோசகர் என்னிடம் சொன்னது: “கியூஎஸ் நல்லது தங்கச்சி, சிவில் இஞ்சினியரிங் என்றால் வெயிலில் நிற்க வேண்டும், இது ஒஃபிஸில் இருந்து பார்க்கலாம்.” அந்த “ஒஃபிஸில் இருந்து” என்ற சொல்லை நான் பல வருடம் சுமந்தேன். முதல் வேலையில் தளத்துக்குப் போகச் சொன்னபோது, வேறு யாருடைய வேலையையோ நான் செய்யப் போகிறேன் என்ற கூச்சம் இருந்தது.

கொள்ளுப்பிட்டியில் ஒரு மாடிக் கட்டடம். பாதுகாப்புச் சப்பாத்து கொடுத்தார்கள், அவர்களிடம் இருந்ததில் ஆகச் சின்னது ஆண்களின் ஏழாம் இலக்கம். என் கால் நான்கு. முன்பக்கத்தில் பேப்பரை நன்றாகக் கசக்கி அடைத்து, இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு ஏணி ஏறினேன். நடக்கும்போது குதி கழன்று கழன்று போகும். தளத்தில் இருந்தவர்கள், பொம்பிளைப் பிள்ளை என்றால் இப்படித்தான் மெல்ல நடக்கும் என்று நினைத்திருப்பார்கள். நான் மெல்ல நடந்தது சப்பாத்தால். இரண்டாம் மாதச் சம்பளத்தில் எனக்கு அளவாக ஒரு சோடி வாங்கினேன், அதற்குப் பிறகு யாரும் எனக்காகக் காத்து நின்றதில்லை. கொங்கிரீட் போடுவது பெரும்பாலும் இரவில்தான், பகலில் காலி நகருக்குப் போகும் வீதியில் லொறி அசையாது. கம்பிகளை நேரில் எண்ணிப் பார்த்துக் கையெழுத்து வைத்தபோதுதான் “இது என் வேலை” என்று மனது சொன்னது.

ஆனால் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் மாமி எங்களை அறிமுகப்படுத்தும் விதம் இது: “தம்பி இஞ்சினியர். தங்கச்சி கொம்பனியில வேலை செய்யிறா.” தம்பிக்குத் தொழில் இருக்கிறது, எனக்கு இடம் இருக்கிறது. மாமி பாசமானவ, வேண்டுமென்று சொல்லவில்லை. அதுதான் கவலை.

ஏஎல் காத்திருப்பு

நான் டெக்னோலொஜி பிரிவு எடுக்க நினைத்தேன். அந்தப் பிரிவு 2013இலேயே வந்துவிட்டது, ஆனால் எங்கள் பெண்கள் பாடசாலையில் இல்லை. ஓஎல்லுக்கு எங்களுக்கு மனைப்பொருளியல், சுகாதாரம், ஐசிரி (தகவல் தொழில்நுட்பம்) மூன்றில் ஒன்று எடுக்கலாம் என்றார்கள். அண்ணாவின் பாடசாலையில் இயந்திரத் தொழில்நுட்பமும், மின், இலத்திரனியலும் இருந்தன. பாடத்திட்டம் ஒன்றுதான். ஆலோசகர் “உனக்கு என்ன விருப்பம்” என்று கேட்டபோது எனக்கு அந்தப் பாடங்களின் பெயர்கூடச் சரியாகத் தெரியாது.

இரவுக்கடமை

ஆண் பிள்ளைகளின் பக்கத்தைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். நான் தாதி. ஆண் தாதி.

அப்பம்மா விழுந்து இடுப்பு முறிந்து எட்டு மாதம் கிடந்தா. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவவைப் புரட்டிப் படுக்க வைப்பது, முதுகு துடைத்துப் பவுடர் போடுவது எல்லாம் நான். படுக்கைப் புண் ஒன்றுகூட வரவில்லை. பார்க்க வந்த டொக்டர் “யார் பார்க்கிறது?” என்று கேட்டார். அம்மா “நான்தான்” என்று சொல்லிவிட்டா. என்னைக் காப்பாற்ற நினைத்திருப்பா.

ஏஎல்லில் உயிரியல் செய்தேன், மெடிசினுக்கு இசட் ஸ்கோர் (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி) போதவில்லை. தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்றதும் ஆலோசகர் கேட்ட முதல் கேள்வி “குடும்பத்தைத் தாங்க வேண்டாமா தம்பி?” இரண்டாவது, “லாப் பக்கம் ஏதாவது பார்ப்போமே?” பராமரிப்பது உனக்குப் பிடிக்குமா என்று அவர் கேட்கவே இல்லை. நானும் அப்பம்மாவைப் பற்றிச் சொல்லவில்லை, சொன்னால் குறைவாக நினைப்பாரோ என்று.

இப்போது வார்டில் நோயாளிகள் என்னை “டொக்டர்” என்பார்கள். “நான் நர்ஸ், ஐயா” என்றால் ஆறுதல் சொல்வது போல “பரவாயில்லை தம்பி, படிச்சு வரலாம்” என்பார்கள். கல்யாணத் தரகர் என் தொழிலை “சுகாதாரத் துறை” என்று எழுதிவிட்டார். நான் வெட்டி “தாதி உத்தியோகத்தர்” என்று எழுதிக் கொடுத்தேன். பெண்ணிடம் வீட்டைப் பற்றி மட்டும் கேட்பதும், ஆணிடம் வீட்டைப் பற்றிக் கேட்காமலே விடுவதும் ஒரே கேள்வியின் இரண்டு பக்கம்தான்.

தெமட்டகொடை 9

மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். கொட்டாஞ்சேனை அக்கா சொன்னதில் எனக்குப் பெரிய அளவில் உடன்பாடு. அறைக்குள் கேள்வியை மாற்றினால் வெளியே நிலைமை மாறாது. எங்கள் நாட்டில் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் வேலைப் படையில், அதாவது வேலை செய்பவர்களிலும் தேடுபவர்களிலும் இருப்பவர்கள், பெண்களில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான். ஆண்களில் பத்துக்கு ஏழு பேர் இருக்கிறார்கள். படித்த பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? அக்காவின் வீட்டில் நடந்ததுதான் பல வீடுகளில் நடக்கிறது.

சட்டத்தைப் பாருங்கள். பிரசவ விடுமுறை 84 நாள். மூன்றாவது பிள்ளைக்குப் பாதியாக இருந்ததை 2018இல் திருத்தி எல்லாப் பிள்ளைக்கும் 84 ஆக்கினார்கள், நல்ல விஷயம். ஆனால் அந்தச் சம்பளத்தை முழுக்க முதலாளி கொடுக்க வேண்டும். தகப்பனுக்கு, அரச வேலை என்றால் மூன்று நாள். தனியார் துறையில் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. ஆகவே நேர்முகத் தேர்வில் பெண்ணைப் பார்த்ததும் முதலாளியின் மனதில் ஒரு கணக்கு ஓடும். நானே பல வருடம் “கல்யாணம் முடிஞ்சுதா?” என்று பெண்களிடம் கேட்டிருக்கிறேன். ஆண்களிடம் கேட்டால் அது “பொறுப்பான ஆள்” என்று தெரிந்துகொள்ள. ஒரே கேள்வி, பெண்ணுக்குப் புள்ளி குறையும், ஆணுக்குக் கூடும். இரண்டு வருடமாக நிறுத்திவிட்டேன். நிறுத்தியதால் ஒரு நட்டமும் வரவில்லை.

பொரளை வாசகி

தெமட்டகொடை அண்ணா, வெளியே மாறும் வரைக்கும் அறைக்குள் காத்திருக்க முடியாது. பெண் பிள்ளை பதினாறு வயதிலேயே “ஒன்றரைக்கு முடியும் வேலை” என்று தன்னைச் சுருக்கிக்கொண்டால், தகப்பனுக்கு லீவு கேட்டுப் பேசவும் ஆள் இருக்காது.

கொட்டாஞ்சேனை அம்மா

எல்லோரும் எழுதியதை இன்று சமையல் முடித்துவிட்டு ஆறுதலாக இருந்து வாசித்தேன். மகனையும் பக்கத்தில் இருத்தி, ஆண் தாதித் தம்பி எழுதியதை வாசிக்கச் சொன்னேன்.

மிஸ், அந்தக் கேள்விகளை நிறுத்த வேண்டாம் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். என் வாழ்க்கையில் நடந்தது பொய் இல்லை. ஆனால் ஒன்று விளங்கியது. என்னிடம் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும் என்று எழுதினேன் அல்லவா? அவரிடமும் கேட்டிருக்க வேண்டும். அவர் படிக்கும் காலத்தில் யாராவது ஒருவர், “தம்பி, நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இந்த வேலையில் இருந்து எப்படி வருவாய்?” என்று கேட்டிருந்தால், அம்மா விழுந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் குறைந்தது ஒரு பேச்சாவது நடந்திருக்கும்.

என் மகனுக்கு வயது பதினேழு. அவனிடம் இதை நானும் கேட்டதில்லை. மகளிடம் பத்து வயதில் இருந்தே கேட்கிறேன்.

அலைக்கரை

இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன். கொட்டாஞ்சேனை அக்கா சொன்னதைச் செய்து பார்த்தேன்.

கணிதப் பிரிவுத் தம்பி ஒருவர், கப்பலில் பொறியியலாளராகப் போக ஆசை. வழக்கமாக நான் சம்பளம், பயிற்சி, ஆங்கிலம் என்று போயிருப்பேன். இந்த முறை பெண் பிள்ளைகளிடம் கேட்கும் அதே சொற்களில் கேட்டேன்: “கல்யாணத்துக்குப் பிறகும் செய்யலாமா?” பக்கத்தில் இருந்த தாய் என்னைப் பார்த்தார், கேள்வி தவறி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். தம்பி உடனே பதில் சொல்லவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: “அப்பாவும் கப்பல்தான் மிஸ். நான் அஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் எழுதினது அவருக்கு மூண்டு மாசம் கழிச்சுத்தான் தெரியும்.” அதற்குப் பிறகு அரை மணி நேரம் பேசினார். கப்பலை விடவில்லை. துறைமுகத்தில் இருந்து செய்யக்கூடிய வேலைகள் என்னென்ன என்று தானாகவே கேட்டார். ஒன்பது வருடத்தில் ஓர் ஆண் பிள்ளை என்னிடம் தகப்பனாவதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் கேட்டதும் அதுதான் முதல் தடவை.

பெண் பிள்ளைகளிடம் வேறு ஒன்று செய்கிறேன். பரிந்துரையை எழுதுவதற்கு முன், அந்தப் பிள்ளை எந்த இடத்தில் கதிரை நுனிக்கு வந்தாள் என்பதை அவள் சொன்ன சொற்களிலேயே எழுதி, அவளுக்கே வாசித்துக் காட்டுகிறேன். மார்க் சவிக்கஸ் என்ற தொழில் ஆலோசனை அறிஞரின் முறையில், சின்ன வயதில் யாரைப் பார்த்து வியந்தாய் என்ற ஒரு கேள்வி வரும். அதையும் சேர்த்திருக்கிறேன். ஒரு பிள்ளை பஸ்ஸில் பார்த்த பெண் கொண்டக்டரைச் சொன்னாள், கத்தாமலே எல்லோரையும் உள்ளே போக வைத்தாராம். அந்த வரியில் இருந்து முகாமைத்துவம் பற்றிப் பேசினோம்.

மோட்டர் பிள்ளையின் தகப்பனுடைய இலக்கத்துக்கு எடுத்துப் பார்த்தேன். அது பாவனையில் இல்லை. யாருக்காவது தெரிந்த பிள்ளையாக இருந்தால், இந்த இழையைக் காட்டுங்கள். டெக்னிக்கல் பக்கம் இப்போதும் போகலாம், என்விகியூ (தேசியத் தொழில் தகைமை) படிப்படியாக எடுக்கலாம், வயது பிந்திவிடவில்லை என்று சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை அம்மா

மிஸ், சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நேரம் இருக்குமா? மகனையும் மகளையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று நினைக்கிறேன்.

அலைக்கரை

வாங்கோ அக்கா. முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. பக்கத்து அறையில் இருந்து இன்னும் இரண்டு கதிரை எடுத்து வைக்கிறேன்.